ஆறிய கல்லும் அணையாத கேள்வியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் க்ளீசே 229 என்ற விண்மீனைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் 1995இல் அறிவிக்கப்பட்ட பழுப்புக் குறுமீன் ஒன்றல்ல, இரண்டு என்று 2024இல் தெரிய வந்தது என்பதுதான் செய்தி. இடம் போதாமல் சட்டென்று முடித்துவிட்டேன். அந்த அரைப் பக்கத்துக்கு வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால், இந்த மாதம் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன்.

பழுப்புக் குறுமீன் என்பது விண்மீனா, கோளா? உண்மையிலேயே பழுப்பு நிறமா? (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

இரண்டுக்கும் நடுவில் உள்ளது அம்மா. பிறப்பு விண்மீனைப் போலத்தான். வாயுவும் தூசியுமான மேகம் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும், சுருங்கச் சுருங்க நடுப்பகுதி சூடேறும். போதிய நிறை சேர்ந்துவிட்டால் நடுவில் ஹைட்ரஜன் எரியத் தொடங்கி, பல நூறு கோடி ஆண்டுகளுக்கு அடுப்பு அணையாது. அதற்கு வியாழனைப் போல ஏறக்குறைய 75 முதல் 80 மடங்கு நிறை வேண்டும். அது சேராமல் நின்றுபோனதுதான் பழுப்புக் குறுமீன். 13 மடங்குக்கு மேல் இருந்தால் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கொஞ்ச காலம் எரியும், அதுவும் தீர்ந்ததும் பிறக்கும்போது சேர்ந்த சூட்டை விட்டுக்கொண்டு ஆறிப்போக வேண்டியதுதான். இன்னொரு விஷயம், வியாழனைப் போல 70 மடங்கு நிறை இருந்தாலும் உருவத்தில் அது கிட்டத்தட்ட வியாழன் அளவுதான் இருக்கும். அவ்வளவும் அதற்குள்ளே நெருக்கி அடைபட்டிருக்கிறது.

இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் ஷிவ் குமார் என்ற இந்திய வம்சாவளி வானியலாளர். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் அதைக் கறுப்புக் குறுமீன் என்றார். அந்தப் பெயரை வேறு பொருளிலும் பயன்படுத்தி வந்ததால், 1975இல் ஜில் டார்ட்டர் என்ற வானியலாளர் பழுப்பு என்ற பெயரை முன்வைத்தார். நிறத்தை யாரும் பார்த்து வைத்த பெயர் இல்லை. பக்கத்தில் போய்ப் பார்க்க முடிந்தால் அடர்ந்த சிவப்பாக, சில வகை கத்தரிப்பூச் சாயலோடு தெரியும் என்கிறார்கள்.

ஐயா, விண்மீனின் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு மங்கலான ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (நான்காம் படிவ மாணவர், ஜார்ஜ்டவுன்)

நல்ல கேள்வி தம்பி. இன்று ராத்திரி தெருவிளக்குக்கு எதிரே நின்று பார். விளக்குக்குப் பக்கத்தில் பறக்கும் பூச்சி கண்ணுக்குத் தெரியாது, கண் கூசும். கட்டை விரலை நீட்டி விளக்கை மட்டும் மறைத்துக்கொள், பூச்சி தெரியும். தொலைநோக்கிக்குள்ளும் அதே வேலையைச் செய்ய ஒரு மறைப்புத் தகடு வைக்கிறார்கள். காற்றின் அசைவால் விண்மீன் சிமிட்டுவதைச் சரிசெய்ய, வினாடிக்குப் பல தடவை வளைந்து கொடுக்கும் கண்ணாடியும் உண்டு.

க்ளீசே 229இல் நடந்தது இதுதான். அமெரிக்காவின் பாலோமார் மலையில் 1.5 மீட்டர் தொலைநோக்கியில் இப்படி மறைத்துப் பார்த்தபோது, 1994 அக்டோபரில் பக்கத்தில் ஒரு மங்கல் புள்ளி தென்பட்டது. ஆனால் உடனே ஊருக்குச் சொல்லவில்லை, ஓர் ஆண்டு காத்திருந்தார்கள். ஏன் தெரியுமா? அந்தப் புள்ளி வெகு தூரத்தில் இருக்கிற வேறு ஏதோ விண்மீனாக இருந்து, தற்செயலாக அதே திசையில் தெரியலாம் அல்லவா.

தைப்பூச ரதத்துக்குப் பின்னால் போகும் கூட்டத்தை நினைத்துக்கொள். ஒரு அம்மாவும் பக்கத்தில் ஒரு பையனும் நடந்து போகிறார்கள். ஒரு போட்டோவை மட்டும் பார்த்தால் அவர்கள் தாயும் பிள்ளையுமா, அந்த நிமிடம் மட்டும் பக்கத்தில் வந்தவர்களா என்று சொல்ல முடியாது. அரை மணி நேரம் கழித்து நாலு தெரு தள்ளி எடுத்த போட்டோவிலும் இருவரும் சேர்ந்தே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. பின்னால் தெரிந்த கடைப் பலகைகள் அங்கேயே நின்றுவிட்டன, இவர்கள் இருவரும் ஒன்றாக நகர்ந்திருக்கிறார்கள். விண்மீன்களும் வானத்தில் மிக மிக மெதுவாக நகர்கின்றன. ஓர் ஆண்டுக்குப் பிறகு பார்த்தபோது க்ளீசே 229 எவ்வளவு நகர்ந்ததோ அந்த மங்கல் புள்ளியும் அவ்வளவே நகர்ந்திருந்தது. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் மீத்தேன் இருந்தது. மீத்தேன் வியாழனில் இருக்கும் சரக்கு, விண்மீனின் சூட்டில் அது நிலைக்காது. அதனால்தான் 1995இல் அறிவித்தபோது யாராலும் மறுக்க முடியவில்லை.

எல்லாத் துணையும் இப்படி ஒட்டிக்கொண்டு இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். எப்சிலான் இண்டி என்ற விண்மீன் நமக்கு 11.8 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, பக்கத்து வீடு மாதிரி. அதன் துணை, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் 1,460 மடங்கு தள்ளி இருக்கிறது. வானத்தில் பார்த்தால் நிலாவின் அகலத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி. அவ்வளவு தள்ளி இருந்தால் எந்த மறைப்பும் தேவையில்லை. பழைய வானப் படங்களை வைத்து எது வேகமாக நகர்ந்திருக்கிறது என்று தேடியபோது அகப்பட்டு, 2003இல் அறிவித்தார்கள். அந்த ஆண்டே இன்னும் கூர்மையாகப் பார்த்ததில் அதுவும் இரட்டை என்று தெரிந்தது.

தனியாகவே ஏராளமான பழுப்புக் குறுமீன்கள் கிடைக்கின்றன என்று படித்தேன். பிறகு ஏன் விண்மீனுக்குப் பக்கத்தில் இருப்பதை இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேட வேண்டும்? (வாசகர், செந்தூல்)

ஐயா, இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் இரண்டு தோசைக்கல் உண்டு. ஒன்று கனமான பழைய இரும்புக் கல், இன்னொன்று மெல்லியது. போன வாரம் கடை மூடும் நேரத்தில் போனேன், இரண்டு அடுப்பும் அணைந்திருந்தன. அண்ணன் கல்லைச் சுரண்டத் தயாராக நின்றார். நான் இரண்டு கல்லுக்கும் மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடு ஏறக்குறைய ஒன்றுதான். "எதை அண்ணே முதலில் அணைத்தீர்கள்?" என்று கேட்டேன். "பெரிய கல்லை ஒன்பதரைக்கே அணைத்துவிட்டேன், சின்னது இப்பத்தான்" என்றார்.

பழுப்புக் குறுமீனின் சிக்கல் முழுதும் இதற்குள் இருக்கிறது. கனமானது மெதுவாக ஆறும், லேசானது சீக்கிரம் ஆறும். ஆகவே தனியாக மிதக்கும் ஒரு பழுப்புக் குறுமீனின் சூட்டை மட்டும் அளந்தால், அது நிறை அதிகமுள்ள கிழமா, நிறை குறைந்த இளசா என்று தெரியாது. விண்மீன் என்றால் அடுப்பு எரிந்துகொண்டே இருப்பதால் ஒளியைப் பார்த்தே அதன் நிறையைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம், இதில் அது நடக்காது. அடுப்பை எப்போது அணைத்தது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் பக்கத்தில் இருக்கும் விண்மீன். இரண்டும் ஒரே மேகத்தில் ஒரே காலத்தில் பிறந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம். விண்மீன் அண்ணன், பழுப்புக் குறுமீன் தம்பி. விண்மீன் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, அதன் காந்தச் சேட்டை எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைப் பார்த்து வயதைக் கணிக்கலாம், ஏனென்றால் வயதாக ஆக இரண்டும் குறையும். அதன் ஒளியைப் பிரித்து நிறமாலையைப் பார்த்து அதில் இரும்பு முதலான தனிமங்கள் எவ்வளவு என்று அறியலாம், தம்பியும் அதே சரக்கில் செய்யப்பட்டவன்தான். தூரத்தை, விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் தரவு துல்லியமாகத் தந்துவிடுகிறது. ஆக வயது, தூரம், உள்ளே இருக்கும் பொருள் என்று மூன்றும் அண்ணன் பெயரில் பதிவாகி இருக்கிறது, தம்பிக்கு அது அப்படியே பொருந்தும். நம் வீட்டில் பிறப்புப் பத்திரம் தொலைந்த பாட்டிக்கு, அவரோடு பிறந்தவரின் பத்திரத்தை வைத்து வயது கணக்குப் போடுவோமே, அது மாதிரி.

குளிர்ந்தவற்றில் இப்படி ஒரு துணை கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் அதன் மதிப்பு அதிகம். 2009இல் அறிவித்த வுல்ஃப் 940பி அப்படி ஒன்று. ஹவாயில் மௌனா கியா மலையில் உள்ள அகச்சிவப்புத் தொலைநோக்கியின் படங்களில் அகப்பட்டது. 40 ஒளியாண்டு தூரத்தில் செங்குறுமீன் என்ற சின்னச் சிவப்பு விண்மீன் ஒன்றைச் சுற்றுகிறது, அதன் வெப்பநிலை சுமார் 300 டிகிரி செல்சியஸ். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்! 2011இல் கெவின் லூமன் என்ற வானியலாளரின் குழு ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியில் இன்னும் குளிரான ஒன்றைக் கண்டார்கள். அதன் அண்ணன் ஏற்கெனவே எரிந்து முடித்து வெண்குறுமீனாகிவிட்ட விண்மீன். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் 2,500 மடங்கு தள்ளி நின்று அது இன்னும் கூடவே போய்க்கொண்டிருக்கிறது. வெண்குறுமீன் எவ்வளவு ஆறியிருக்கிறது என்பதே கடிகாரம், அதை வைத்து இதன் வயது ஏறக்குறைய 200 கோடி ஆண்டு என்று கணிக்கிறார்கள்.

அப்புறம் நிறை. விண்மீன் பக்கத்தில் இருப்பதால் இன்னொரு ஆதாயம், ஒன்றை ஒன்று இழுப்பதை அளந்து நிறையை நேரடியாகவே எடை போடலாம், சூட்டையும் வயதையும் நம்ப வேண்டாம். க்ளீசே 229 கதை திரும்பியது இங்கேதான். அந்தத் துணை தன் விண்மீனை ஒரு சுற்றுச் சுற்ற 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனாலும் கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்த படங்களையும், விண்மீன் லேசாகத் தள்ளாடுவதையும் சேர்த்து வைத்து எடை போட்டார்கள். வியாழனைப் போல சுமார் 71 மடங்கு என்று வந்தது. அங்கேதான் இடித்தது. 71 மடங்கு இருந்தால் அந்த வயதில் இன்னும் பிரகாசமாக இருக்க வேண்டும், இது ரொம்ப மங்கல். எடை தப்பா, ஆறும் கணக்கே தப்பா என்று ஆண்டுக்கணக்கில் குழப்பம். எடை போட வழி இல்லாத தனிக்குறுமீனாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பதை யோசித்துப் பாருங்கள். மங்கலாக இருக்கிறது, அதனால் நிறை குறைவு என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள்.

2024இல் சிலி நாட்டில் உள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஒரு புள்ளிக்குள் இரண்டு பேர். ஒன்று வியாழனைப் போல 38 மடங்கு, இன்னொன்று 34. பன்னிரண்டே நாளில் ஒன்றை ஒன்று சுற்றி வருகின்றன, இடைவெளி பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் 16 மடங்குதான். கூட்டிப் பார்த்தால் எடை சரியாகிறது. லேசான கல் இரண்டும் சீக்கிரம் ஆறிவிட்டதால் மங்கலுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஆறும் கணக்கு போட்டவர்கள் தப்பு செய்யவில்லை. 30 ஆண்டாகப் பாடப் புத்தகத்தில் 'முதல் குளிர்ந்த பழுப்புக் குறுமீன்' என்று படித்தது இரட்டைப் பிள்ளைகள் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. அதைத்தான் போன மாதம் அரைப் பக்கத்தில் அடைக்கப் பார்த்தேன்.

நம் சூரியனுக்கும் இப்படி ஒரு மறைந்த துணை இருக்கிறது, அது பூமியை நோக்கி வருகிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அம்மா பயப்படுகிறார். உண்மையா? (வாசகி, பத்துமலை)

இல்லை. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். வைஸ் என்ற விண்தொலைநோக்கி 2010இலும் 2011இலும் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படம் எடுத்தது. அந்தப் படங்களை அலசி 2014இல் லூமன் சொன்ன முடிவு இது: பூமி சூரியன் தூரத்தைப் போல 10,000 மடங்கு வரை சனி அளவுள்ள எதுவும் இல்லை, 26,000 மடங்கு வரை வியாழன் அளவுள்ள எதுவும் இல்லை. பழுப்புக் குறுமீன் அதைவிடக் கனமானது, இருந்தால் தப்பியிருக்காது. அவரேதான் அதே படங்களில் 2013இல் 6.5 ஒளியாண்டு தூரத்தில் ஒரு பழுப்பு இரட்டையையும், 2014இல் 7.4 ஒளியாண்டு தூரத்தில் பனிக்கட்டி அளவுக்குக் குளிர்ந்த ஒன்றையும் கண்டவர். அவ்வளவு தூரத்தில் அவ்வளவு மங்கலானதே அகப்பட்டது என்றால், வீட்டு வாசலில் நிற்பது தெரியாமல் போகுமா?

இங்கிருந்து நாங்கள் பார்க்க முடியுமா? (பலர் கேட்டது)

பழுப்புக் குறுமீனைக் கண்ணால் பார்க்க முடியாது. அது எந்த விண்மீனின் துணையோ அந்த விண்மீனைப் பார்க்கலாம், அதுவும் நம் மலேசியாவிலிருந்து நன்றாகவே. பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் ஐரோப்பாவில் இருப்பவர்கள் பார்க்க முடியாத தென்வானம் நமக்குக் கிடைக்கிறது.

தீபாவளி ஒட்டி இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 28 டிகிரி உயரத்தில் எப்சிலான் இண்டி நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி, ஆக மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசை ஒட்டிய நாள் என்பதால் நிலா தொல்லை இருக்காது, மழைதான் விட வேண்டும். கோலாலம்பூரில் வெறுங்கண்ணுக்குச் சிரமம், பைனாகுலர் வேண்டும். பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் இருட்டான இடம் கிடைத்தால் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். வருடக்கணக்கில் பார்த்தாலும் நகர்வது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விண்மீன்களில் அது வேகக்காரன். நிலாவின் அகலத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 400 ஆண்டு போதும்.

க்ளீசே 229 தைப்பூச சமயத்துக்கு. தைப்பூசம் பௌர்ணமியில் வருவதால் அன்று வேண்டாம், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், நிலா நள்ளிரவுக்குத்தான் வரும். இரவு பத்து மணி வாக்கில் திருவாதிரைக்குக் கீழே பளிச்சென்று இருக்கும் சிரியஸைப் பிடியுங்கள். அதிலிருந்து ஒரு முஷ்டி தூரம் தென்மேற்கே. பைனாகுலரும் வான்வரைபடச் செயலியும் கட்டாயம் வேண்டும், மங்கலான சிவப்பு விண்மீன். அதைப் பிடித்துவிட்டால் கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள். 19 ஒளியாண்டு தூரத்து ஒளி அது. அந்தச் சின்னப் புள்ளிக்குப் பக்கத்தில்தான் அந்த இரட்டையர் இருக்கிறார்கள்.

மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். வானியல் என்றால் உயிர். வீட்டிலிருந்தே இந்தத் தேடலில் சேர வழி உண்டா? (வாசகர், பட்டர்வொர்த்)

உண்டு, காசும் கொடுக்க வேண்டாம். 'பேக்யார்ட் வேர்ல்ட்ஸ்: பிளானட் நைன்' என்ற திட்டம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. வைஸ் எடுத்த படங்களை, ஒரே இடத்தைப் பல ஆண்டுகள் தள்ளி எடுத்ததை, புத்தக ஓரத்தில் வரைந்த படத்தைப் புரட்டுவது போல ஓட்டிக் காட்டுவார்கள். எது நகர்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். கணினிக்கு இது சுலபமில்லை, பிரகாசமான விண்மீனின் பிசிறும் கருவியின் பிசிறும் சேர்ந்து அதை ஏமாற்றும். மனிதக் கண் ஏமாறுவது குறைவு.

நானும் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பல் நிறத்தில் புள்ளிகள் கொதிப்பது போல மினுங்கும். முதல் அரை மணி நேரம் எல்லாமே நகர்வது மாதிரி தோன்றும். பிறகு கண் பழகி, பெரிய விண்மீன்களைச் சுற்றியுள்ள மினுக்கலை ஒதுக்கிவிட்டு, நாலைந்து படத்திலும் ஒரே திசையில் ஒரே அளவு தாவும் ஒரு சின்னப் புள்ளியைத் தேட ஆரம்பிக்கும். முதன்முதலாக அப்படி ஒன்று தாவியதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏற்கெனவே பட்டியலில் உள்ளதுதான், இருந்தாலும் என் கண்ணால் பார்த்தேன்.

இது பொழுதுபோக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2020இல் இந்தத் தன்னார்வலர்களின் உதவியால் சூரியனுக்கு அருகிலுள்ள சுமார் 95 புதிய பழுப்புக் குறுமீன்களை அறிவித்தார்கள். 2022இல் அதே திட்டத்தில் இருந்த ஒரு தன்னார்வலர், சுமார் 400 கோடி பொருள்கள் உள்ள ஒரு வானப் பட்டியலைத் தானே அலசி, குளிர்ந்த குறுமீனும் அதன் துணையுமாகச் சேர்ந்து போகும் 34 புதிய ஜோடிகளைக் கண்டார். ஆய்வுக் கட்டுரையில் முதல் ஆசிரியராக அவர் பெயரே வந்தது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் வானியல் வேலை பார்ப்பவர் அல்ல.

மகளுக்கு எஸ்.பி.எம். தேர்வு இருப்பதால் இப்போது வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். தேர்வு முடிந்த பிறகு பைதான் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், கையாவின் தரவில் இதுவரை வெளியானது முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இயற்பியலில் ஈர்ப்பு, வெப்பக் கதிர்வீச்சு இரண்டு பாடத்தையும் நன்றாகப் படிக்கட்டும். அவள் முதன்முதலாகக் குறிக்கும் புள்ளி எந்த விண்மீன்கூட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள், அது நம் வானத்தில் எந்த மாதம் உச்சிக்கு வரும் என்று நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.